தெகிவளையில் புதைத்த ஆறு கொம்புகள்: நான்கு கறுத்தன, இரண்டு நாறின

தெகிவளைத் தோட்டம்
ஞாயிறு, இரவு 8.15

அனைவருக்கும் வணக்கம். உயிராற்றல் (பயோடைனமிக்) வேளாண்மை முறைப்படி, நீரில் கலக்கி மண்ணில் தெளிக்கும் உரமாக மாறட்டும் என்று சாணம் அடைத்து, ஐப்பசி முதல் வாரத்தில் நாம் ஒன்பது வீட்டாரும் சேர்ந்து எங்கள் பின்வளவில் புதைத்த ஆறு பசுக்கொம்புகளையும் இன்று காலை தோண்டி எடுத்தோம். வர முடியாமற் போனவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன். உங்களிடம் கேட்பதற்கும் ஒன்று உண்டு.

மாமரத்தடி மேட்டில் இருந்த நான்கு கொம்புகளும் நாம் விரும்பியபடியே வந்திருந்தன. கொம்பைக் கல்லில் மெதுவாகத் தட்டியதும் உள்ளே இருந்தது ஒரே கட்டியாக நழுவி விழுந்தது. சாணத்தின் பச்சை முற்றாகப் போய், கறுத்த கபில நிறம் ஏறியிருந்தது. விரலிடையில் உருட்டினால் களிபோல் திரண்டு, அழுத்தினால் உதிர்ந்தது. மணமோ, வெயிலில் கிடந்த முற்றத்தில் முதல் மழை விழுந்த மணம். மதிலோரம் இருந்த இரண்டின் நிலைமை வேறு. தூக்கும்போதே வாய்ப்புறத்தால் பச்சை நீர் வழிந்தது. ஐந்து மாதத்துக்கு முன் அடைத்த சாணம் அடைத்தபடியே இருக்க, நாற்றம் மட்டும் பல மடங்கு கூடியிருந்தது. வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுச் சிறுவன் மூக்கைப் பொத்திக்கொண்டு கேற்றடிக்கு ஓடிவிட்டான்.

ஒரே நாளில், ஒரே மாட்டின் சாணத்தை, ஒரே ஆழத்தில், வாயைக் கீழ்நோக்கி வைத்துப் புதைத்தோம். அப்படியிருக்க இரண்டு மட்டும் ஏன் கெட்டன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நல்ல நான்கிலிருந்தும் 400 கிராமுக்குச் சற்று மேல் கிடைத்தது. வழக்கமான அளவு ஏக்கருக்கு 25 கிராம் என்பதால் இது 16 ஏக்கருக்குப் போதும். நம் ஒன்பது வீடுகளின் மண்ணையும் கூட்டினால் 70 பேர்ச்சைத் தாண்டாது (160 பேர்ச் ஓர் ஏக்கர்). அதற்கு 11 கிராம் போதுமானது! மீதியை மட்பானையில் இட்டு, சுற்றிலும் ஈரத் தும்புத்தூள் அடைத்து, சமையலறையின் இருண்ட மூலையில் வைத்திருக்கிறேன். வருகிற போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்தன்று மாலை 4 மணிக்குப் பங்கிடலாம் என்று எண்ணுகிறேன்.

மொட்டைமாடி
ஞாயிறு, இரவு 9.02

அண்ணா, வர முடியாமற் போனதற்கு மன்னியுங்கள். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் உச்சியில் எனக்கு இருப்பது இருபது ரெஜிபோம் (வெண்ணுரைப் பிளாஸ்ரிக்) பெட்டிகள் மட்டுமே. மீன்காரரிடம் வாங்கிக் கழுவி, அடியில் துளையிட்டவை. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 4 சதுர மீற்றர் வரும். ஒரு பேர்ச் என்பது ஏறத்தாழ 25 சதுர மீற்றர். அப்படியானால் என் பங்கு 0.025 கிராம். இதை நிறுக்கச் செட்டியார் தெரு நகைக்கடைகளுக்குத்தான் போக வேண்டும்.

சிரிப்புக்காகச் சொல்லவில்லை. இத்தனை சிறிய அளவு பெட்டி மண்ணில் என்ன செய்யும் என்று உண்மையாகவே அறிய விரும்புகிறேன். இன்னொன்று, என் மாமியார் கொம்பைச் சுவாமி அறை இருக்கும் வீட்டுக்குள் கொண்டுவர விடமாட்டார். உள்ளிருந்த சாண உரத்தைக் கொண்டுவரலாமாம், திருநீறும் சாணத்தில்தானே பிறக்கிறது என்கிறார். ஆகவே எனக்குப் போத்தலில் தந்தால் போதும்.

கபுக்மண்
ஞாயிறு, இரவு 10.40

தெகிவளை அண்ணாவின் கேள்விக்கு முதலில் வருகிறேன். கெட்ட இரண்டும் மதிலோரம் இருந்தவை என்றீர்கள். கூரைப் பீலி அந்தப் பக்கம்தானே இறங்குகிறது? கொழும்பின் பெரும்பகுதியில் மேல்மண்ணுக்குக் கீழே கபுக் எனப்படும் செம்பூரான்கல் கிடக்கிறது. அது இறுகிக் கிடக்கும் இடங்களில், தொடர்ந்து மழை பெய்யும்போது நீர் உடனே இறங்காமல் அதன் மேல் தேங்கி நிற்கும். ஒக்டோபரும் நவம்பரும் இங்கே ஆண்டின் மழை மிகுந்த மாதங்களுள் அடங்குபவை. நாம் கொம்புகளைப் புதைத்ததே அந்த மழையின் வாசலில்தான். வாயைக் கீழ்நோக்கி வைப்பது மேலிருந்து வரும் நீர் உள்ளே சேராதிருக்க. குழியே குளமானால் அந்த ஏற்பாடு பயன் தராது. காற்றுப் படாத சாணம் மக்காது, புளித்து நாறும். மேட்டில் இருந்த நான்கும் தப்பியதற்கு மாமர வேரும் நீர்வடிவும் காரணமேயன்றி வேறெதுவும் இல்லை.

இனி மொட்டைமாடி அக்காவின் கேள்வி. நான் விவசாயம் படித்தவன் என்பதால் என் ஐயத்தை மறைக்காமல் எழுதுகிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். உயிராற்றல் வேளாண்மைக்குச் சார்பாக எல்லோரும் காட்டுவது சுவிற்சர்லாந்தின் தெர்வில் என்னும் ஊரில் 1978 இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வை. பயோடைனமிக், சேதன (ஓர்கானிக்), வழக்கமான முறைகள் மூன்றையும் அங்கே அருகருகான பாத்திகளில் வைத்து ஒப்பிடுகிறார்கள். முதல் 21 ஆண்டுகளின் முடிவு 2002 இல் வெளிவந்தது. சேதன முறைகளில் விளைச்சல் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தது. ஆனால் பசளையும் எரிசக்தியும் 34 முதல் 53 சதவீதம் வரை குறைவாகவும், பீடைநாசினி 97 சதவீதம் குறைவாகவும் செலவாயின. மண்ணின் உயிர்ப்பும் நன்றாக இருந்தது. இவையெல்லாம் பெரிய செய்திகள்தாம். எனினும் அங்கே பயோடைனமிக் பாத்திகளுக்குப் போனது நன்கு மக்கிய கூட்டெரு, மற்றச் சேதனப் பாத்திகளுக்குப் போனது அரைகுறையாக மக்கிய தொழுவுரம். இரண்டுக்கும் இடையே தெரிந்த வேறுபாடு கொம்பினால் வந்ததா, கூட்டெருவினால் வந்ததா என்று அந்த ஆய்வை வைத்துப் பிரித்துச் சொல்ல இயலாது.

எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு, அதையும் சொல்வதே நேர்மை. 2000 ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மூலிகைத் தயாரிப்புகள் இட்ட கூட்டெருக் குவியல்கள், இடாத குவியல்களைவிட எட்டு வாரமும் சராசரியாக 3.4 பாகை செல்சியஸ் கூடுதல் வெப்பத்தோடு இருந்தன. ஆனால் அது குவியலுக்கு இடும் தயாரிப்பு. மண்ணில் தெளிக்கும் கொம்புச் சாண உரம் அதிலிருந்து வேறு. 0.025 கிராம் உங்கள் பெட்டிகளில் என்ன செய்யும் என்று என்னைக் கேட்டால், ஒன்றும் செய்யாது என்றே சொல்வேன். பெட்டிக்கு இரண்டு கைப்பிடி நல்ல கூட்டெரு நிச்சயமாக ஏதாவது செய்யும்.

தெகிவளைத் தோட்டம்
திங்கள், காலை 6.20

தம்பி சொன்னது சரி, பீலி அந்தப் பக்கம்தான். ஆனால் இன்று காலை கொம்புகளைக் கழுவும்போது இன்னொன்றையும் கண்டேன். நல்ல நான்கிலும் அடிப்பக்கத்தில் வளையங்கள் தெளிவாக இருக்கின்றன. கன்று ஈன்ற பசுவின் கொம்பில் விழும் வளையங்கள் அவை. கெட்ட இரண்டில் ஒன்றில் வளையமே இல்லை, அது காளையின் கொம்பாக இருக்க வேண்டும். வத்தளையில் மாடு வளர்ப்பவர், இயல்பாக இறந்த மாடுகளின் கொம்புகள் என்று சொல்லி ஒரு சாக்கில் போட்டுத் தந்தபோது நான் ஒவ்வொன்றாகப் பார்த்து எடுக்கவில்லை. தவறு என்னுடையது.

கபுக்மண்
திங்கள், காலை 7.05

ஒன்றில் வளையம் இல்லை, மற்றதில் இருக்கிறதல்லவா? இரண்டும் ஒரேமாதிரித்தானே கெட்டன. எனவே நான் இன்னும் நீரின் மீதே பழி போடுகிறேன்.

கொட்டாஞ்சேனைப் பெரியவர்
திங்கள், காலை 11.30

பிள்ளைகளே, நாளைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. கொம்பு தோண்டிய நாளையோ தெளிக்கப்போகும் நாளையோ யாராவது பஞ்சாங்கத்தில் பார்த்தீர்களா? போயாவன்று விடுமுறை என்பதற்காகவே போயாவைத் தெரிவு செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

மரியா துன் என்ற ஜெர்மன் அம்மையார், 1922 இல் பிறந்து 2012 இல் மறைந்தவர், முள்ளங்கியை வெவ்வேறு நாட்களில் விதைத்துப் பார்த்து ஒரு நாட்காட்டி வகுத்தார். பயோடைனமிக் தோட்டக்காரர்கள் பலர் பின்பற்றுவது அதையே. சந்திரன் இடபம், கன்னி, மகரம் ஆகிய நிலராசிகளில் நிற்கும் நாள் வேர்ப்பயிருக்கு உரியது. கடகம், விருச்சிகம், மீனம் என்ற நீர்ராசிகள் இலைக்கு, மிதுனம், துலாம், கும்பம் பூவுக்கு, மேடம், சிங்கம், தனு காய்க்கும் கனிக்கும். இதைப் படித்தபோது எனக்கு அந்நியமாகவே தோன்றவில்லை. ராசிகளை நிலம், நீர், காற்று, நெருப்பு என்று பிரிப்பது நம் சோதிடமும் அறிந்ததே.

ஆனால் ஒன்றென்று எண்ணி ஏமாறவும் கூடாது. அந்த அம்மையார் வானத்தில் கண்ணுக்குத் தெரியும் விண்மீன் கூட்டங்களின் அளவையே எடுத்துக்கொண்டார். அதனால் கன்னி பெரிது, கடகமும் துலாமும் சிறிது. நமக்கோ பன்னிரண்டு ராசியும் சமமாக 30 பாகை. அதைவிட, நம் வழக்கம் நட்சத்திரத்தைப் பார்ப்பது. என் தந்தையார் யாழ்ப்பாணத்தில் இராசவள்ளி நடுவதற்குக் கீழ்நோக்கு நாள் வரும்வரை காத்திருப்பார். பரணி, கார்த்திகை, ஆயில்யம், மகம், மூலம் போன்றவை கீழ்நோக்கு. ரோகிணி, திருவாதிரை, பூசம் போன்றவை மேல்நோக்கு. இப்பொழுது ரோகிணியை எடுங்கள். அது இடப ராசியில் இருக்கிறது. துன் அம்மையாரின் கணக்கில் அது வேர் நாள், கிழங்கு நடலாம். என் தந்தையாரின் கணக்கில் அது மேல்நோக்கு நாள், கிழங்கை எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும். யாரை நம்புவது?

நான் தந்தையாரை நம்புகிறேன். அவருடைய கிழங்கைத் தின்று வளர்ந்தவன் நான், அந்த அம்மையாரின் முள்ளங்கியைக் கண்டதில்லை. ஐரோப்பிய நாட்காட்டியையே பின்பற்றுபவர்கள், அது எந்த நாட்டு நேரத்தில் அச்சிடப்பட்டது என்றாவது பாருங்கள். ஜெர்மனியின் குளிர்கால நேரத்துக்கு நாம் நாலரை மணித்தியாலம் முந்தி நிற்கிறோம். அதைக் கூட்டாமல் வேர் நாளில் விதைக்கிறோம் என்று இலை நாளில் விதைத்தவர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டேன்.

அப்புத்தளைக் காற்று
திங்கள், இரவு 9.48

பெரியவர் தொட்ட இடத்திலிருந்தே தொடர்கிறேன். நான் மலையகத்தில் ஒரு சேதனத் தேயிலைத் தோட்டத்தில் பதினோரு ஆண்டுகள் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்து, இப்போது வத்தளையில் மகள் வீட்டில் இருக்கிறேன். கொம்பு புதைப்பதைப் பலமுறை செய்திருக்கிறேன். அங்கேயும் முதலில் புத்தகத்தைப் பார்த்தே செய்தோம், அங்கேயும் கெட்டது.

ருடொல்ப் ஸ்ரைனர் இந்த முறைக்கு அடியிட்ட எட்டு உரைகளையும் ஆற்றியது 1924 ஜூன் மாதத்தில், கோபர்விட்ஸ் என்ற ஊரில். அன்று அது ஜெர்மனி, இன்று போலந்து. அடுத்த ஆண்டே அவர் காலமாகிவிட்டார். அந்த ஊர் வட அகலக்கோடு 51 பாகையில் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே பகல் எட்டு மணித்தியாலத்துக்குச் சுருங்கும், மண் உறையும், மரம் இலையை உதிர்த்து நிற்கும். அந்தக் காலத்தில் பூமி தன் உயிர்ப்பை உள்ளே இழுத்து வைத்துக்கொள்கிறது, ஆகவே கொம்பை இலையுதிர் காலத்தில் புதைத்து இளவேனிலில் எடுங்கள் என்றார். அந்த நிலத்துக்கு அந்தப் பேச்சுப் பொருந்துகிறது. கொழும்பு இருப்பது 7 பாகையில். நம்முடைய மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே முக்கால் மணித்தியாலமளவே வேறுபாடு. மார்கழியிலும் நம் முற்றத்து முருங்கை பூக்கிறது. நாம் எந்தக் குளிர்காலத்தைப் பார்த்துப் புதைக்கிறோம்?

இங்கே ஆண்டைப் பிரிப்பது மழை. மே முதல் தென்மேற்குப் பருவக்காற்று, ஒக்டோபர் நவம்பரில் இடைப்பருவ மழை, தை மாசியில் ஓரளவு காய்ச்சல். அதனால் என் கருத்து, கொழும்பில் ஐப்பசியில் புதைக்கவே கூடாது. கார்த்திகை மழை ஓய்ந்தபின் மார்கழி நடுவில் புதைத்து, சித்திரை மழை இறுகுவதற்குள் எடுக்க வேண்டும். நான்கு மாதம்தானே என்பீர்கள். இங்கே மண் வெப்பம் கூடியது, சாணம் விரைவாக மாறும். நம் மலையில் ஐந்து மாதம் எடுத்தது இங்கே நான்கில் முடியும் என்று நம்புகிறேன். கெட்ட இரண்டையும் வீச வேண்டாம். அந்தச் சாணத்தைக் கூட்டெருக் குவியலில் போட்டுவிட்டு, கொம்பைக் கழுவி வெயிலில் காயவிடுங்கள். ஒரு கொம்பை மூன்று நான்கு முறை பயன்படுத்தலாம்.

கூட்டெருவுக்கான ஆறு மூலிகைத் தயாரிப்புகளைப் பற்றித் தம்பி எழுதினார். அவற்றை இங்கே செய்யும் ஆசையை விட்டுவிடுங்கள் என்பேன். அதில் ஒன்றுக்குக் கலைமானின் சிறுநீர்ப்பை வேண்டும். மான் நம் நாட்டில் சட்டத்தால் பாதுகாக்கப்படும் விலங்கு. இன்னொன்றுக்கு ஓக் மரப்பட்டை, இன்னொன்றுக்கு சாமந்தி இனத்துக் கெமோமில் பூ. கொடைக்கானல் போன்ற மலைகளில் இருப்பவர்கள் இவற்றுக்கு வழி காண்கிறார்கள், வெள்ளவத்தை மாடியில் முடியாது. அதற்காகக் கவலைப்படவும் வேண்டாம். கிளிசிரிடியா இலை, வைக்கோல், சாணம், சமையற் கழிவு இவற்றை அடுக்கி, கிழமைக்கு ஒருமுறை புரட்டினாலே கொழும்பு வெயிலில் மூன்று மாதத்தில் கூட்டெரு ஆகிவிடும். பொஸ்பரசு குறைவென்றால் எப்பாவலைப் பாறைத்தூளைக் குவியலிலேயே கலந்துவிடுங்கள். நேராக மண்ணில் இட்டால் அது கரைய நெடுங்காலம் எடுக்கும்.

மொட்டைமாடி
செவ்வாய், காலை 5.50

ஐயா சொன்ன மழைக் கணக்கு என் மாடிக்கும் பொருந்துகிறது. நான் அனுபவித்த ஒன்றை எழுதுகிறேன். 2021 மே மாதம் 6 ஆம் திகதி வர்த்தமானியோடு இரசாயனப் பசளை இறக்குமதி நின்றபோது, ஒரே இரவில் எல்லோரும் சேதனப் பசளை விற்கத் தொடங்கினார்கள். ஒரு விற்பனையாளரிடம் நான்கு மூடை வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் ஷாம்பூப் பைக்கற்றின் துண்டுகள், கண்ணாடிச் சில், ஒரு பொம்மையின் கை. மக்காத குப்பையை அரித்துக் கறுப்பு நிறம் காட்டி விற்றிருந்தார்கள். என் கத்தரிக் கன்றுகள் பத்தும் மஞ்சளித்து மடிந்தன. நவம்பர் இறுதியில் தடையைத் தளர்த்தினார்கள், ஆனால் அதற்குள் எங்கள் மாடியில் இருந்த மூன்று வீட்டார் பெட்டிகளைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். சேதனம் என்றாலே இன்றும் அவர்கள் முகம் சுளிக்கிறார்கள். பிழை முறையில் இருக்கவில்லை. மண்ணையும் விவசாயியையும் ஆயத்தப்படுத்தாமல் நாட்டையே ஒரு போகத்தில் திருப்ப முனைந்ததில் இருந்தது. இதை அவர்களுக்கு விளக்க எனக்கு இன்னும் இயலவில்லை.

அதன்பிறகே சொந்தமாகக் கூட்டெரு செய்யத் தொடங்கினேன். கொழும்பின் மீதொட்டமுல்ல குப்பைமேடு 2017 சித்திரைப் புத்தாண்டன்று சரிந்து 32 உயிர்கள் போனபின், மரக்கறித் தோலைப் பொலித்தீனில் கட்டி வீதியில் வைக்க எனக்குக் கை வருவதில்லை.

கபுக்மண்
செவ்வாய், பிற்பகல் 1.15

அப்புத்தளை ஐயாவின் பதிவை இரண்டு முறை படித்தேன். மழையைப் பார்த்துப் புதைப்பது என்ற கருத்துக்கு நான் எதிர்ப்பில்லை. கொம்பைப் பற்றிய ஐயம் மட்டும் அப்படியே இருக்கிறது. வாதாடிக் கொண்டிருப்பதைவிடச் செய்து பார்க்கலாம்.

மொட்டைமாடி அக்கா பன்னிரண்டு பெட்டிகள் தந்தால் போதும். எல்லாவற்றிலும் ஒரே மண், ஒரே கூட்டெரு, ஒரே நீளமான கங்குங் கீரைத் தண்டுகள் பத்துப் பத்து. நான்கு பெட்டிகளுக்கு வெறும் நீர். நான்குக்கு, கொம்பு உரம் சேர்க்காமல் ஒரு மணித்தியாலம் சுழற்றிக் கலக்கிய நீர். நான்குக்குக் கொம்பு உரம் சேர்த்துக் கலக்கிய நீர். நடுவில் உள்ளது முக்கியம், கலக்குவதால் நீருக்குள் காற்றுச் சேர்வதே பயன் தருகிறதா என்று அதில்தான் தெரியும். எந்தப் பெட்டிக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்போம், பெட்டியில் எண் மட்டும் இருக்கும். தெளிப்பவருக்கும் அறுத்து நிறுப்பவருக்கும் எண்ணின் பொருள் தெரியக் கூடாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அறுத்து, நான்கு அறுவடை வரை நிறுப்போம். அத்தனை சிறிய ஆய்வு எதையும் நிறுவாது என்பது எனக்குத் தெரியும், ஆனால் நமக்குள் பேச ஓர் அளவாவது கிடைக்கும்.

கொட்டாஞ்சேனைப் பெரியவர்
செவ்வாய், மாலை 6.40

நல்லது. சீட்டை நான் வைத்திருக்கிறேன், என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வராது. ஆனால் தம்பி, பன்னிரண்டு பெட்டியையும் ஒரே நாளில் நட வேண்டும், அந்த நாளை நான் சொல்வேன். எல்லாப் பெட்டிக்கும் நாள் ஒன்றே என்பதால் உங்கள் கணக்கு கெடாது அல்லவா?

கபுக்மண்
செவ்வாய், மாலை 6.52

கெடாது ஐயா. ஆனால் கீழ்நோக்கு நாளாகப் பார்த்துச் சொல்லிவிடாதீர்கள், கங்குங் கிழங்கு இல்லை.

மொட்டைமாடி
செவ்வாய், இரவு 8.10

பன்னிரண்டு பெட்டிகளும் தருகிறேன். நிறுக்கும் தராசு என்னிடம் உண்டு, மா நிறுப்பது, ஒரு கிராம் வரை காட்டும். மாடியில் காகமும், மழைக்குப் பின் ஆபிரிக்க நத்தையும் வரும். வலை போட வேண்டும். நத்தை தின்ற பெட்டியைக் கணக்கிலிருந்து நீக்குவதா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள், பின்னர் சண்டை வேண்டாம்.

புதுவிதை
செவ்வாய், இரவு 9.25

அண்ணாமார், அக்காமார், நான் பம்பலப்பிட்டியில் இருக்கிறேன், குழுவுக்குப் புதியவள். போயாவன்று வர விரும்புகிறேன். எங்கள் வீட்டில் கிணறு இல்லை, குழாய் நீர் மட்டுமே. குளோரின் கலந்த அந்த நீரில் கொம்பு உரத்தைக் கலக்கலாமா? வீட்டில் எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

தெகிவளைத் தோட்டம்
செவ்வாய், இரவு 10.05

தங்கச்சி, தாராளமாக வாருங்கள். ஆளுக்கு ஆள் 0.025 கிராம் நிறுக்க முடியாது என்பதால், போயாவன்று 11 கிராமையும் என் கிணற்று நீர் 6 லீற்றரில் ஒரே வாளியில் கலக்குவோம். வாளியின் நடுவில் சுழி விழும்வரை தடியால் ஒரு பக்கம் சுழற்றி, உடனே மறுபக்கம் திருப்பி, அந்தச் சுழியை உடைத்து மறுசுழி உண்டாக்கி, இப்படியே ஒரு மணித்தியாலம். ஆளுக்குப் பத்து நிமிடம் வந்தாலும் கை வலிக்கும், சொல்லி வைக்கிறேன். ஆய்வுக்கான வெறும் நீரைக் கபுக்மண் தம்பி இன்னொரு வாளியில் தனியாகக் கலக்கட்டும், வாளியோ தடியோ மாறக் கூடாது. கலக்கிய நீரைப் போத்தல்களில் பங்கிட்டுத் தருவேன், சில மணித்தியாலங்களுக்குள் அன்று மாலையே மண்ணில் தெளித்துவிட வேண்டும். போயாவன்று காலி வீதியில் நெரிசல் குறைவு, கொட்டாஞ்சேனை வரையும் பொழுது சாயுமுன் போய்விடலாம்.

கலக்காத உரம் வேண்டுமானால் மூடியுள்ள கண்ணாடிப் போத்தல் கொண்டுவாருங்கள், பிளாஸ்ரிக் வேண்டாம். அதைக் கலக்கும் நாளுக்கு முதல் நாள் குழாய் நீரை வாயகன்ற பாத்திரத்தில் இரவு முழுவதும் திறந்து வைத்தால் குளோரின் பெருமளவு போய்விடும். திறந்து என்றால் வாயில் மெல்லிய துணி கட்டி. சென்ற மாதம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எங்கள் ஒழுங்கைக்கு வந்து, சாடியின் அடித்தட்டில் தேங்கிய நீரில் நுளம்புக் குடம்பி இருக்கிறதா என்று ரோர்ச் அடித்துப் பார்த்தார். கூட்டெருவை நீரில் ஊறவைத்திருந்த என் வாளியைக் கண்டதும் அவர் புருவம் உயர்ந்தது. துணி கட்டியிருந்ததால் தப்பினேன்.

மாமரத்தடி மேட்டில் இன்னும் இடம் இருக்கிறது. மார்கழிக்கு எட்டுக் கொம்புகள் வேண்டும். இம்முறை வத்தளைக்கு அப்புத்தளை ஐயாவே என்னுடன் வந்து, வளையம் பார்த்து எடுத்துத் தர வேண்டும்.